கிளையண்டும் சர்வரும்: பொது நிரலைப் பகிர்ந்துகொள்ளும் முறை

நெட்வொர்க் கோப்பு முறைமை எதுவானாலும் அதற்கு இரண்டு முனைகள் உண்டு. கோப்பைக் கேட்டு வாங்குவது கிளையண்ட். வட்டில் வைத்திருந்து எடுத்துக் கொடுப்பது சர்வர். இரண்டையும் ஒரே குழு எழுதியிருக்கலாம். பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளியில் வேறு வேறு ஆட்களும் எழுதியிருக்கலாம். எப்படியிருந்தாலும் நடுவில் கம்பியில் ஓடும் பைட்டுகள் ஒன்றுதான். அந்தப் பைட்டுகளை விவரிக்கும் நிரல் இரண்டு பிரதிகளாக இருந்தால், ஒன்றில் செய்த திருத்தம் மற்றதில் விட்டுப்போகும். பிழை தெரியவரும்போது எந்த முனை தவறு என்று தேடுவதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

பேச்சு காற்றில் நிற்காமல் இருக்க, கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை எடை போடும் இடத்தில் ஒரு விண்டோஸ் கணினி. கணக்குப் பிரிவில் ஒரு லினக்ஸ் கணினி. பாக்கெட் லேபிள் வரைபவரிடம் ஒரு பழைய மேக். மூன்றுக்கும் பொதுவாக, பேரேடுகளையும் இன்வாய்ஸ்களையும் வைத்திருக்கும் ஒரு லினக்ஸ் சர்வர். விண்டோஸ் பேசும் நெறிமுறை எஸ்எம்பி என்பதால் சர்வரும் அதையே பேசுகிறது. லினக்ஸ் கெர்னலில் எஸ்எம்பி கிளையண்டும் உண்டு, சர்வரும் உண்டு. ஆகவே கணக்குப் பிரிவின் கணினியிலும் சர்வரிலும் ஒரே கெர்னல் மூலநிரலின் இரு பகுதிகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகின்றன.

பொதுவாக்க வேண்டியது எது

முதல் விதி எளிது. கம்பியில் தெரிவதெல்லாம் பொது. ஒவ்வொரு முனையும் தன் நினைவில் வைத்துக்கொள்வதெல்லாம் தனி.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை இந்த விதியைக் கண்ணால் பார்க்கலாம். 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அந்தப் பாதையில் தண்டவாளங்களுக்கு நடுவே ஆப்ட் முறையிலான இரண்டு பல்சட்டங்கள் ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்துக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும். பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான அளவைப் பாதை போடுபவரும் எஞ்சின் செய்பவரும் ஒரே வரைபடத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். கொதிகலன் எப்படி, ஜல்லி எப்படி என்பதெல்லாம் அவரவர் பாடு.

எஸ்எம்பியின் இரண்டாம், மூன்றாம் பதிப்புகளில் அந்த வரைபடம் 64 பைட் நீளமுள்ள ஹெடர். முதல் நான்கு பைட்டுகளின் மதிப்பு 254, 83, 77, 66. பின்னிருக்கும் மூன்றும் நெறிமுறையின் பெயரெழுத்துகள். பழைய முதல் பதிப்பானால் 254-க்குப் பதிலாக 255 இருக்கும். மறையாக்கம் செய்த செய்தியானால் 253, சுருக்கிய செய்தியானால் 252. இந்த ஒரு பைட்டைப் பார்த்தே வந்திருப்பது என்னவென்று இரு முனைகளும் முடிவு செய்கின்றன. அதன்பின் கட்டளை எண் வரும். பிறகு செய்தி எண், அமர்வு எண், கடைசியில் 16 பைட் கையொப்பம்.

15, 16-ஆம் பைட்டுகள் கவனிக்கத்தக்கவை. அவை கிரெடிட்டுக்கு, அதாவது பதிலுக்குக் காத்திராமல் கிளையண்ட் அனுப்பக்கூடிய கோரிக்கைகளின் அளவுக்கு, உரியவை. கிளையண்ட் அனுப்பும்போது அந்த இடத்தில் 'இத்தனை கிரெடிட் வேண்டும்' என்ற எண் இருக்கிறது. சர்வர் பதில் தரும்போது அதே இடத்தில் 'இத்தனை கிரெடிட் தந்தேன்' என்ற எண். இடமும் நீளமும் ஒன்று, பொருள் இரண்டு. இந்த மாதிரி இடத்தில் இரு கட்டமைப்புகளை எழுதத் தேவையில்லை. லினக்ஸின் பொது ஹெடர் கோப்பில் இதற்கு ஒரே புலம்தான் இருக்கிறது. பதிலில் அதன் பெயர் என்ன என்பது பக்கத்திலேயே குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறது. பொதுக் கோப்பைப் படிப்பவருக்கு இந்தச் சிறு குறிப்பு பெரிய உதவி. அதை எழுதாமல் விடுபவர் அடுத்து வருபவரின் நேரத்தைத் திருடுகிறார்.

பைட் வரிசையையும் பொதுக் கோப்பிலேயே உறுதி செய்துவிட வேண்டும். எஸ்எம்பி ஹெடரின் எண்களில் சிறிய பைட் முதலில் வரும். ஆனால் டிசிபியில் போகும்போது ஹெடருக்கும் முன்னால் ஒட்டும் நான்கு பைட் நீள எண்ணில் பெரிய பைட் முதலில் வரும். கெர்னலில் இரண்டுக்கும் தனித்தனி வகைப் பெயர்கள் உண்டு. பொதுக் கட்டமைப்பில் அந்த வகைகளைச் சரியாக இட்டுவிட்டால், மாற்றாமல் பயன்படுத்தும் இடத்தை 'ஸ்பார்ஸ்' என்ற சோதனைக் கருவியே காட்டிக்கொடுக்கும்.

நான்கு பைட்டின் கதை

லினக்ஸின் எஸ்எம்பி கிளையண்ட் பல ஆண்டு மூத்தது. ஸ்டீவ் ஃபிரெஞ்ச் தொடங்கி வளர்த்தது. கெர்னலுக்குள் இயங்கும் சர்வரான கேஎஸ்எம்பிடி, நம்ஜே ஜியோன் முதலியோரின் உழைப்பில் உருவாகி 2021-இல் 5.15 பதிப்பில்தான் உள்ளே வந்தது. வந்த நாளில் நிலைமை இது: ஒரே நெறிமுறை, ஒரே மூலநிரல் மரம், கட்டமைப்புகள் மட்டும் இரண்டு பிரதி.

பொதுவாக்கும் வேலை மறைகுறியீட்டிலிருந்து தொடங்கியது. என்டிஎல்எம் அடையாளச் சரிபார்ப்புக்கு எம்டி4, ஏஆர்சி4 என்ற இரண்டு பழைய வழிமுறைகள் தேவை. இரண்டும் பலவீனமானவை. கெர்னலின் பொது மறைகுறியீட்டுப் பகுதியிலிருந்து இப்படிப்பட்டவற்றை விலக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவந்தது. எஸ்எம்பிக்கோ அவை இல்லாமல் பழைய சாதனங்களோடு பேச முடியாது. ஆகவே ரோனி சால்பெர்க் அவற்றைத் தனியாகப் பிரித்து, கிளையண்டும் சர்வரும் எடுத்துக்கொள்ளும்படி ஒரு பொது அடைவில் வைத்தார். இந்தத் தொடக்கம் நல்ல தேர்வு. மறைகுறியீட்டு நிரலுக்கு உள்ளீடும் வெளியீடும் மட்டுமே உண்டு. யார் கூப்பிடுகிறார்கள் என்பது அதற்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. பகிர்வைத் தொடங்க நினைக்கும் எந்தத் திட்டமும் இப்படிப்பட்ட பகுதியைத்தான் முதலில் தேடவேண்டும்.

அடுத்து, 5.16 பதிப்பில் செய்திக் கட்டமைப்புகள் ஒவ்வொன்றாகப் பொதுக் கோப்புக்கு நகர்ந்தன. அப்போது ஒரு முடிச்சு வெளிப்பட்டது. மேலே சொன்ன நான்கு பைட் நீள எண்ணைச் சர்வர் தன் ஹெடர் கட்டமைப்புக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்தது. அதன் கணக்கில் ஹெடர் 68 பைட். கிளையண்டோ 2018 வாக்கிலேயே அந்த நான்கைக் கட்டமைப்பிலிருந்து பிரித்து, 64 பைட்டாக வைத்துக்கொண்டிருந்தது. பெயர் ஒன்றாகவே இருந்தாலும் அளவு வேறு. சர்வர் நிரலில் நீளம் கணக்கிடும் இடங்களில் எல்லாம் 'நான்கு கழி' என்ற கணக்கு பரவிக் கிடந்தது. கட்டமைப்பைப் பொதுவாக்குமுன் அந்த நான்கு பைட்டைச் சர்வரின் ஹெடரிலிருந்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அதற்கென்றே தனி பேட்ச் போட்டார்கள்.

இதில் கற்க வேண்டியது உண்டு. இரு முனைகளிலும் ஒரே பெயரில் இருப்பவை ஒரே பொருளாகத்தான் இருக்கும் என்று நம்பி இணைத்துவிடக் கூடாது. இணைக்குமுன் இரு கட்டமைப்புகளின் மொத்த அளவையும், ஒவ்வொரு புலமும் தொடங்கும் இடத்தையும் அச்சிட்டு ஒப்பிட வேண்டும். அளவு மாறினால் கம்பைல் ஆகாமல் நிற்கும்படி ஒரு சரிபார்ப்பு வரியையும் சேர்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை அது. நான்கு பைட் பிசகினால் பேரேடு திறக்கவே திறக்காது. திறந்து தப்பாகப் படித்தால் இன்னும் மோசம்.

2023-இல் 6.4 பதிப்பில் மூன்று அடைவுகளும் 'எஸ்எம்பி' என்ற ஒரே அடைவின் கீழே கிளையண்ட், சர்வர், பொது என்று வந்து சேர்ந்தன. 2025-இல் ஆர்டிஎம்ஏ (மறுகணினியின் நினைவகத்தை நெட்வொர்க் வழியே நேரடியாக அணுகும் முறை) வழியாக எஸ்எம்பி பேசும் 'எஸ்எம்பி டைரக்ட்' பகுதியையும் ஸ்டெஃபான் மெட்ஸ்மாக்கர் பொது அடைவுக்குக் கொண்டுவரத் தொடங்கினார்.

என்எஃப்எஸ் சென்ற வழி

இன்னொரு நெட்வொர்க் கோப்பு முறைமையான என்எஃப்எஸ்ஸில் பகிர்வு பிறவியிலேயே வந்தது. 1980-களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை உருவாக்கியபோது, செய்தியின் வடிவத்தை எக்ஸ்டிஆர் என்ற தனி மொழியில் எழுதும் வழக்கத்தையும் ஏற்படுத்தியது. அந்த விவரிப்பை ஆர்பிசிஜென் என்ற கருவியிடம் கொடுத்தால் கிளையண்டுக்கான நிரலையும் சர்வருக்கான நிரலையும் அதுவே எழுதித் தரும். மனிதர் எழுதுவது விவரிப்பை மட்டும். லினக்ஸ் கெர்னல் நெடுங்காலம் எக்ஸ்டிஆர் நிரலைக் கையால்தான் எழுதிவந்தது. வேகமும் நினைவகப் பயன்பாடும் அதற்குக் காரணங்கள். 2024-இல் சக் லீவர் எக்ஸ்டிஆர்ஜென் என்ற கருவியை எழுதி, விவரிப்பிலிருந்து நிரலை உருவாக்கும் பழைய வழிக்குக் கெர்னலைத் திருப்பத் தொடங்கினார். புதிதாக நெறிமுறை எழுதுபவர் இந்த வழியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். நிரலைப் பகிர்வதைவிட விவரிப்பைப் பகிர்வது பாதுகாப்பானது.

கெர்னலில் என்எஃப்எஸ் கிளையண்டும் சர்வரும் தனித்தனி அடைவுகளில் இருக்கின்றன. இரண்டுக்கும் அடியில் சன்ஆர்பிசி என்ற பொது அடுக்கு. பூட்டுகளைக் கையாளும் லாக்டி ஒரே மாட்யூலாக இருந்து இரு பக்கத்துக்கும் வேலை செய்கிறது. அணுகல் பட்டியலைச் செய்தியாக மாற்றும் நிரல் போன்ற சில, 'என்எஃப்எஸ் காமன்' என்ற சிறு அடைவில் இருக்கின்றன. 2024-இல் 6.12 பதிப்பில் லோக்கல்ஐஓ என்ற வசதி வந்தது. கிளையண்டும் சர்வரும் ஒரே கணினியில் இருப்பதைக் கண்டுகொண்டு, நெட்வொர்க் அடுக்கைச் சுற்றாமல் நேராகக் கோப்பைப் படிக்கும் வசதி அது. அதற்கான இணைப்பு நிரலுக்கும் இந்தப் பொது அடைவே இடம். நெறிமுறையின் பிழை எண்களைக் கெர்னலின் பிழை எண்களாக மாற்றும் அட்டவணையும் அந்த வேலையோடு சேர்ந்து அங்கே வந்தது. பிழை அட்டவணைகள் பகிர்வுக்கு மிகவும் ஏற்றவை. 'அனுமதி இல்லை' என்று சர்வர் சொன்னதைக் கிளையண்ட் 'கோப்பே இல்லை' என்று காட்டினால், எடை போடும் இடத்தில் இருப்பவர் பேரேடு அழிந்துவிட்டதாகப் பதறிப்போவார்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள்

எஸ்எம்பி கம்பியில் கோப்பின் பெயர் யூடிஎஃப்-16 வடிவில் போகிறது. லினக்ஸ் வட்டில் அது யூடிஎஃப்-8 வடிவில் இருக்கிறது. மாற்றும் நிரல் இரு முனைகளுக்கும் தேவை. ஆங்கிலப் பெயர்களில் இதன் பிழைகள் கண்ணில் படுவதில்லை. தமிழில் உடனே படும்.

'கோத்தகிரி' என்று ஒரு ஃபோல்டர் இருப்பதாகக் கொள்வோம். கணினிக்கு அது ஒன்பது குறியெண்: க, ஓகாரக் குறி, த, புள்ளி, த, க, இகரக் குறி, ர, இகரக் குறி. யூடிஎஃப்-8-இல் குறியெண்ணுக்கு மூன்று பைட் வீதம் 27 பைட். யூடிஎஃப்-16-இல் இரண்டு வீதம் 18 பைட். பெரும்பாலான லினக்ஸ் கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை என்பதால் தமிழில் 85 குறியெண்ணோடு பெயர் முடிந்துவிடும். விண்டோஸிலோ 255 யூடிஎஃப்-16 அலகுகள் வரை போகலாம். விண்டோஸில் நீளமாக வைத்த தமிழ்ப் பெயரைச் சர்வர் ஏற்காமல் திருப்புவதற்குக் காரணம் இதுவே. நீளத்தைப் பைட்டில் எண்ணுவதா, அலகில் எண்ணுவதா என்ற கேள்விக்குப் பொது நிரலில் ஒரே பதில் இருக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது ஓகாரக் குறி. யூனிகோடில் அதை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பிரித்து எழுதினால் 'கோத்தகிரி' பத்துக் குறியெண், 30 பைட். மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் வைத்துக்கொள்ளும். லேபிள் வரைபவர் அந்த மேக்கிலிருந்து நகலெடுத்துப் போட்ட ஃபோல்டர் பிரித்த வடிவிலேயே சர்வருக்கு வந்து சேர்ந்தால், கணக்குப் பிரிவில் தட்டச்சிட்டுத் தேடுபவருக்கு 'கோத்தகிரி' கிடைக்காது. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கம் பக்கமாக நிற்பதும் உண்டு. 'கொடநாடு', 'கொல்லிமலை' என ஒகரம் வரும் எல்லாப் பெயருக்கும் இதே கதி. பெயரை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதா, வந்தபடியே வைப்பதா என்பதை மாற்று நிரல் எழுதுபவர் முதலிலேயே தீர்மானித்து, இரு முனைக்கும் பொதுவாக எழுத வேண்டும். ஒரு முனை மாற்றி, மறுமுனை மாற்றாமல் விடுவது எல்லாவற்றிலும் மோசமான வழி.

எழுத்து மாற்றத்தோடு சேர்ந்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்து அட்டவணை. தமிழுக்கு அது வேண்டாம்; ஆங்கிலப் பெயர்களில் எழுத்து பேதம் பார்க்காத எஸ்எம்பிக்கு வேண்டும். லினக்ஸில் அந்த அட்டவணை கிளையண்டில் ஒன்று, சர்வரில் ஒன்று, சம்பந்தமே இல்லாத ஜேஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒன்று என மூன்று பிரதிகளாகக் கிடந்தது. 2023-இல் அவற்றை ஒன்றாக்கியபோது எஸ்எம்பியின் பொது அடைவில் வைக்காமல், எழுத்துக் குறியீட்டு மாற்றங்களுக்கென்றே உள்ள என்எல்எஸ் அடைவில் வைத்தார்கள். அதுதான் அதன் சொந்த இடம்.

தனித்தனியாக விட வேண்டியவை

கோரிக்கை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் முறை, இடைநினைவகம், மறுமுயற்சி ஆகியவை கிளையண்டின் வேலை. வேலை இழைகளைப் பங்கிடுவது, யாருக்கு எந்தப் பூட்டு என்ற பதிவேடு, வட்டில் எழுதி முடித்ததை உறுதி செய்வது ஆகியவை சர்வரின் வேலை. இவற்றில் ஒத்த பெயர்கள் நிறைய வரும். 'லீஸ்' என்ற சொல் இரு பக்கமும் இருக்கும். கிளையண்டுக்கு அது கையில் உள்ள சலுகை. சர்வருக்கு அது திரும்பப் பெற வேண்டிய கடன். ஒரே கட்டமைப்பில் இரண்டையும் அடைத்தால், பாதிப் புலங்கள் ஒரு முனையில் வெறுமையாகக் கிடக்கும். எந்தப் புலம் யாருக்கு என்பது எழுதியவருக்கே ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது நீலகிரியில் புதிதல்ல. சர்வர் திடீரென்று நின்று மீண்டும் எழும்போது இந்த வேறுபாடு துலங்கும். என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில், எழுந்த சர்வர் ஒரு சலுகைக் காலம் தருகிறது. லினக்ஸில் அது வழக்கமாக 90 நொடி. அதற்குள் பழைய பூட்டு வைத்திருந்தவர்கள் வந்து உரிமை கோரலாம். புதிய பூட்டு யாருக்கும் கிடையாது. கோருவது கிளையண்ட், தருவது சர்வர், சரிபார்ப்பதும் சர்வர். 'உரிமை கோருகிறேன்' என்ற செய்தியின் வடிவம் மட்டுமே பொது.

நம்பிக்கை என்ற விஷயம் இன்னும் கூர்மையானது. சர்வருக்கு வரும் ஒவ்வொரு பைட்டும் அந்நியரிடமிருந்து வருவது. 2022 டிசம்பரில் வெளியான ஒரு பாதுகாப்பு ஓட்டையில், கேஎஸ்எம்பிடியின் இணைப்புத் துண்டிப்புக் கட்டளை விடுவித்த நினைவகத்தை மீண்டும் தொட்டது. அதன் தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. கிளையண்டுக்கும் ஆபத்து உண்டு, போலிச் சர்வர்கள் இருக்கின்றன. ஆனால் பழைய கிளையண்ட் நிரல்கள் பல, சர்வர் ஒழுங்காகத்தான் பதில் தரும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. அப்படிப்பட்ட நிரலைப் பொது அடைவுக்கு நகர்த்தும்போது அந்த எண்ணமும் கூடவே சர்வருக்குள் புகுந்துவிடும். ஆகவே செய்தியைப் பிரிக்கும் நிரலைப் பொதுவாக்கினால், இரு முனைகளில் கடுமையான முனையின் சோதனையே அதற்கு அளவு. பகுதியின் தொடக்கமும் நீளமும் வந்த செய்தியின் எல்லைக்குள் அடங்குகின்றனவா என்று பார்க்காமல் எதையும் தொடக் கூடாது.

உரிமமும் ஒரு வேலிதான். ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1992-இல் தொடங்கிய சாம்பாவில் கிளையண்ட், சர்வர் இரண்டுக்கும் பொதுவான, நன்கு தேறிய நிரல் ஏராளம் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக் கெர்னலில் போட முடியாது. 2007-இல் சாம்பா ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. கெர்னல் இரண்டாம் பதிப்பிலேயே இருக்கிறது.

நகர்த்தும் ஒழுங்கு

ஒரு பேட்சில் ஒரே செயல். நகர்த்தும் பேட்சில் ஒரு எழுத்தும் மாறக் கூடாது. மாற்றும் பேட்சில் ஒரு கோப்பும் நகரக் கூடாது. ஒரு கட்டளையின் கட்டமைப்பை முதலில் கிளையண்டிலிருந்து பொதுக் கோப்புக்கு எடுத்து, கிளையண்ட் ஓடுவதைப் பார்த்தபின், அடுத்த பேட்சில் சர்வரை அதற்கு மாற்றலாம். ஒவ்வொரு பேட்சுக்குப் பின்னும் இரு மாட்யூல்களும் கம்பைல் ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிழையைத் தேடிப் பின்னோக்கிப் பாதி பாதியாக வெட்டிப் பார்க்கும்போது நடுவில் சிக்கிக்கொள்ள நேரும். பொது அடைவுக்கு யார் பொறுப்பு என்பதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

சோதிக்கும்போது ஒரு பொறி காத்திருக்கும். கிளையண்டும் சர்வரும் ஒரே நிரலைப் பயன்படுத்தினால், அந்த நிரலின் பிழையும் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். தவறாக எழுதியதைத் தவறாகவே படித்து, இரண்டும் ஒத்துப்போய்விடும். எல்லாச் சோதனையும் தேறும். எடை போடும் இடத்து விண்டோஸ் கணினி மட்டும் திறக்க மறுக்கும். பகிர்வு கூடக் கூட மூன்றாமவரோடு சோதிப்பதும் கூட வேண்டும். எஸ்எம்பிக்கு விண்டோஸும், சாம்பாவின் எஸ்எம்பிடார்ச்சர் கருவியும். என்எஃப்எஸ்ஸுக்கு பைஎன்எஃப்எஸ் கருவி. சோதனைப் பெயர்ப் பட்டியலில் 'கோத்தகிரி' இரு வடிவிலும் இருக்க வேண்டும். 85 குறியெண் நீளமான ஒரு தமிழ்ப் பெயரும், 86 நீளமான இன்னொன்றும் இருக்க வேண்டும்.

பழைய கெர்னல்களுக்குத் திருத்தம் கொண்டுபோகும்போது கடைசி வேலை ஒன்று மிஞ்சும். 5.4 பதிப்பில் கேஎஸ்எம்பிடி கிடையாது, பொது அடைவும் கிடையாது. பொதுக் கோப்பில் செய்த திருத்தத்தை அங்கே கிளையண்டின் சொந்தக் கோப்பில் தேடிப் போட வேண்டும். 5.15 வெளிவந்தபோது சர்வர் இருந்தது, கட்டமைப்புகள் மட்டும் இரண்டு பிரதியாக இருந்தன. அந்த நிலையிலுள்ள மரத்தில் ஒரே திருத்தத்தை இரண்டு இடத்தில் போட வேண்டும், நான்கு பைட் வேறுபாட்டையும் கணக்கில் கொண்டு. எந்தப் பதிப்பில் எந்தக் கோப்பு என்ற ஒரு பக்க அட்டவணையைத் திட்டத்தின் ஆவணத்திலேயே வைத்துக்கொண்டால், தொழிற்சாலைச் சர்வரில் ஓடும் கெர்னலின் பதிப்பு எண்ணைப் பார்த்தவுடன் திருத்தம் போய்ச் சேரவேண்டிய இடம் தெரிந்துவிடும்.